உறைபனி இல்லாத ஊரில் படகை மாரிக்கு ஒதுக்குவது எதற்கு?

வாசகர் கேள்வி, 5 ஒக்டோபர் 2024

"நான் ரொறன்ரோவில் இருக்கிறேன். இங்கே ஒக்டோபர் வந்தால் படகை ஏரியிலிருந்து ஏற்றி, இயந்திரத்தில் நிற்கும் தண்ணீரை வடித்து, உறையாத திரவம் ஊற்றி மூடி வைப்போம். திருகோணமலையில் உள்ள என் தமையனாரும் இதே சடங்கை ஒவ்வோர் ஐப்பசியிலும் செய்கிறார் என்று அறிந்து சிரித்தேன். மார்கழி இரவிலும் மின்விசிறி சுழலும் ஊரில் இது வீண் வேலை இல்லையா? கிழமைக்கு ஒருமுறை பத்து நிமிடம் ஓடவிட்டால் போதாதா?"

6 ஒக்டோபர் 2024

போதாது என்றே இப்போதைக்குச் சொல்லுவேன். எங்கள் திருகோணமலையின் கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகளை வைத்துக்கொண்டு நாங்கள் குளிர்காலக் காப்புச் செய்கிறோம் என்று நீங்கள் சிரிப்பதில் நியாயம் உண்டு. என் இயந்திரத்தோடு வந்த கையேட்டில் அந்தப் பகுதியை முதன்முறை வாசித்தபோது நானும் சிரித்தேன். தண்ணீர் உறையும்போது அதன் கனவளவு ஏறத்தாழ 9 சதவீதம் கூடும், அந்த வீக்கம் அலுமினிய வார்ப்பைப் பிளக்கும், ஆகவே உள்ளே ஒரு துளியும் நிற்கலாகாது என்று அது எச்சரிக்கிறது. எனக்குப் பொருந்தாத பக்கங்கள் என்று அவற்றை அப்படியே விட்டுவிட்டேன்.

அடுத்த மாசியில் கியர்ப் பெட்டியின் திருகாணியைக் கழற்றியபோது பால் விட்ட தேநீர் நிறத்தில் ஒயில் வழிந்தது. உள்ளே புகுந்த கடல்நீர் உங்கள் ஊரில் என்றால் உறைந்து, ஒரே இரவில் பெட்டியை வெடிக்க வைத்திருக்கும். இங்கே அது உறையாமல் நான்கு மாதம் உள்ளேயே கிடந்து பெயாரிங்குகளைத் துருவாக்கியிருந்தது. வெடிப்பு என்றால் கண்ணுக்குத் தெரியும். துரு பங்குனியில் புறாத்தீவுக்குப் பாதி வழியில்தான் தெரிய வந்தது.

என் படகு 18 அடிக் கண்ணாடியிழைப் படகு. படகின் பின்புறத்தில் வெளியே பூட்டும் 40 குதிரைவலு டூ-ஸ்ட்ரோக் வெளியிணைப்பு இயந்திரம். தொழிலுக்கு அல்ல, குடும்பத்தோடு போவதற்கும் தூண்டில் போடுவதற்கும் மட்டும். உப்புவெளி, நிலாவெளிக் கரைகள் வாடைக்காற்றுக்கு நேரே திறந்து கிடப்பதால் ஐப்பசி முதல் தை வரை பொழுதுபோக்குக்காக அங்கே படகு இறக்குவது புத்தி உள்ளவர் செய்யும் வேலை அல்ல. 1964, 2000, 2020 ஆகிய ஆண்டுகளில் இந்தப் பக்கத்தைத் தாக்கிய மூன்று புயல்களும் டிசம்பரில் வந்தவை. ஆகவே படகு எப்படியும் நான்கு மாதம் கரையில் கிடக்கும். கேள்வி அது எந்த நிலையில் கிடக்கும் என்பதுதான்.

இதை நான் மாரிக்காப்பு என்று எழுதப்போகிறேன். குளிர்காலம் என்ற சொல்லை இங்கே எழுதக் கை கூசுகிறது.

6 ஒக்டோபர் 2024, இரவு

மேலே எழுதியதில் ஒரு திருத்தம். வெளியிணைப்பு இயந்திரத்தை நிமிர்த்தி நிறுத்தினால் குளிர்விக்கும் நீர் தானாகவே வடிந்துவிடும். உறையாத திரவமாகிய புரொப்பிலீன் கிளைக்கோல் தேவைப்படுவது படகின் வயிற்றுக்குள் இயந்திரம் இருப்பவர்களுக்கு. கேட்டவருடையது அந்த வகையாக இருக்க வேண்டும். கியர்ப் பெட்டி மட்டும் வேறு கதை, அது தானாக வடியாது. நிமிர்த்தி வையுங்கள் என்ற ஒரு சொல் மட்டும் ரொறன்ரோவுக்கும் எங்களுக்கும் பொது. நான் முதல் ஆண்டு படுக்க வைத்திருந்தேன்.

12 ஒக்டோபர் 2024

கழுவும் வேலை. கையேட்டில் இது இரண்டு வரி: இயந்திரத்தை நன்னீரில் பத்து நிமிடம் ஓடவிடுக. எனக்கு ஒன்றரை நாள் போயிற்று.

இயந்திரம் 70 கிலோவுக்கு மேல். அதைப் படகிலிருந்து கழற்றி, மரத்தூணில் பூட்டி, அதன் காலை, அதாவது நீருக்குள் நிற்கும் கீழ்ப்பகுதியை, தண்ணீர்ப் பரலுக்குள் இறக்க வேண்டும். மைத்துனர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகத் தூக்கியதில் பாதி வழியில் அவருக்குத் தும்மல் வந்தது. அதன் பிறகு நடந்ததை எழுதவில்லை, என் கால் விரல் சுகம். பரலில் தண்ணீர் நீரிறைக்கும் பம்புக்கு மேலே நிற்க வேண்டும். விசிறியை (படகைத் தள்ளும் சுழல் இறக்கையை) கழற்றாமல் கியரில் போட்டால் பரலில் உள்ள தண்ணீர் முழுவதும் அரை நிமிடத்தில் முற்றத்தில் இருக்கும். போட்டேன். இருந்தது.

இனிச் சொல்லப்போவதுதான் உண்மையான பிழை. வளவில் கிணறு இருக்கிறதே என்று கிணற்று நீரால் பரலை நிரப்பியிருந்தேன். கழுவி முடித்துக் காய்ந்த பின் அலுமினியத்தின்மீது வெள்ளைப் பூப் படர்ந்திருந்தது. எங்கள் வளவு கடலுக்கு முந்நூறு யார் (கஜம்) தூரத்தில் இருக்கிறது. கோடை முடிவில் கிணறு உவர்க்கும் என்பது தேநீர் குடிக்கும்போது தெரிந்த எனக்கு, இயந்திரம் கழுவும்போது தெரியவில்லை. கடல்நீர், கிணற்றுநீர், குழாய்நீர் மூன்றிலும் ஒவ்வொரு மேசைக்கரண்டி எடுத்து மூன்று பழைய தட்டுகளில் வெயிலில் வற்றவிட்டேன். கடல்நீர் ஒரு லீற்றரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கும் என்பதால் முதல் தட்டு எதிர்பார்த்தபடியே இருந்தது. கிணற்றுநீர்த் தட்டில் விரலால் எழுதக்கூடிய அளவு வெண்படிவு. கந்தளாய்க் குளத்திலிருந்து வரும் குழாய்நீர்த் தட்டில் மெல்லிய ஒரு வளையம் மட்டும்.

குழாய்நீர் பகலில் எங்கள் தெருவில் நூலாகத்தான் வரும். இரவு பதினொரு மணிக்குப் பிறகு பரலை நிரப்பி, விடியற்காலையில் மீண்டும் கழுவினேன். பக்கத்து மீன்வாடியின் முதலாளியாகிய சம்மாட்டியார் ஒரு கோப்பைத் தேநீரோடு வந்து நின்று பார்த்தார். "தம்பி, உப்ப ஈரத்தோட கழுவோணும். காஞ்சாப் பிறகு அது கல்லு," என்றார். ஒவ்வொரு பயணம் முடிந்ததும் கழுவியிருந்தால் இன்றைய வேலை கால் மணித்தியாலம் என்பது அதன் பொருள்.

13 ஒக்டோபர் 2024

நீர் உறிஞ்சும் துளைகள்மேல் காதுமூடிபோலக் கவ்வும் இறப்பர்க் கிண்ணங்களில் குழாயைப் பூட்டினால் பரல் தேவையில்லையே என்று ஒருவர் கேட்கிறார். அழுத்தம் உள்ள குழாய் வேண்டும். மேலே நூல் என்று எழுதியதைப் பார்க்கவும்.

16 ஒக்டோபர் 2024

இந்தக் குறிப்பை எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

கழுவும்போது பின்பக்கத் துளையால் பீச்ச வேண்டிய நீர், விரல் மொத்தத்துக்குப் பதிலாகச் சொட்டுச் சொட்டாக வந்தது. பம்புக்குள் இருக்கும் இறப்பர்ச் சுழலி தேய்ந்துவிட்டது என்று முடிவு கட்டினேன். அதை மாற்றுவதானால் இயந்திரத்தின் கீழ்க்காலை முழுதாக இறக்க வேண்டும். நான்கு மரையாணிகள். மூன்று வந்தன. நான்காவது, துருப்பிடிக்காத உருக்கு என்று பெயர் பெற்றது, அலுமினியத்தோடு உப்பில் கிடந்து ஒரே உடலாகிவிட்டிருந்தது. ஒரு நாள் முழுவதும் ஊடுருவும் எண்ணெய் விட்டு வைத்தேன். மறுநாள் சூடு காட்டினேன். பிறகு நீளக் குழாயை ஸ்பானரில் மாட்டி என் முழு எடையையும் கொடுத்தேன். மரையாணி சுழன்றதுபோல் ஒரு கணம் மகிழ்ச்சி. அதன் தலை மட்டும் என் கையில் இருந்தது.

எப்படியோ காலை இறக்கிச் சுழலியைப் பார்த்தால், ஆறு இதழ்களும் புதிதுபோல் நிமிர்ந்து நின்றன. மீண்டும் ஏற்றுவது இறக்குவதைவிடக் கொடுமை: சுழற்தண்டின் பற்கள் மேலே சரியாகப் பொருந்த வேண்டும், அதே கணத்தில் நீர்க்குழாய் தன் இறப்பர் வளையத்துக்குள் நுழைய வேண்டும், அதே கணத்தில் கியர்க் கம்பியும் இணைய வேண்டும். மூன்று கை வேண்டிய இடத்தில் எனக்கும் மைத்துனருக்குமாக நான்கு இருந்தும் போதவில்லை.

ஏற்றி முடித்து மீண்டும் ஓடவிட்டேன். அதே சொட்டு. அப்போது என் மகள் ஓர் ஈர்க்கை எடுத்து வெளித் துளைக்குள் குத்தினாள். களிமண்போல ஒரு கட்டி விழுந்தது, அதன் பின்னால் நீர் சுவர் வரைக்கும் பீச்சியது. குளவி கட்டிய மண்கூடு. இரண்டு கிழமை படகு ஓடாமல் நின்றதில் துளையை வீடாக்கிவிட்டது.

எந்தக் கையேட்டிலும் குளவி இல்லை. நன்னீர் கொண்டு கழுவி முடிந்ததும் அந்தத் துளையில் துணி முடிச்சு ஒன்றை அடைத்து, நீளமான சிவப்பு நூலைத் தொங்கவிட்டிருக்கிறேன், தையில் எடுக்க மறக்காமல் இருப்பதற்காக.

19 ஒக்டோபர் 2024

கியர் ஒயில். முதல் ஆண்டு அனுபவம் காரணமாக இதில் மட்டும் நான் கவனமான மனிதன்.

கீழே ஒரு திருகாணி, மேலே ஒரு திருகாணி. இரண்டையும் கழற்றினால் வடியும். மேலே இருந்து ஊற்றுவது இயல்பாகத் தோன்றும், அதுதான் தவறு. காற்று உள்ளே சிக்கி, நிரம்பிவிட்டதுபோல் காட்டும். கீழ்த்துளையால் அழுத்தி ஏற்ற வேண்டும், மேல்துளையால் குமிழி இல்லாமல் வழியும் வரை. பிறகு முதலில் மேலே மூட வேண்டும், அதன் பின்பே கீழே. இந்த ஒழுங்கு மாறினால் ஏற்றியதில் பாதி மணலுக்குப் போகும். அரை லீற்றருக்குச் சற்றுக் குறைவாகவே பிடிக்கும் பெட்டிக்கு நான் ஒன்றரை லீற்றர் வாங்கி வைத்திருந்ததன் காரணம் இதுதான்.

இந்த முறை வடிந்த ஒயில் கறுப்பு, பால் இல்லை. ஆனால் விசிறியைக் கழற்றியபோது அதன் பின்னால் தண்டைச் சுற்றித் தங்கூசி நூல் பந்தாக இறுகியிருந்தது. நான் அறுத்துவிட்ட தூண்டில் நூலோ வேறெவருடைய வலையோ தெரியாது. அந்த நூல்தான் ஒயிலை அடைத்து வைக்கும் சீல் வளையத்தை அறுத்து நீரை உள்ளே விடும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை விசிறியைக் கழற்றிப் பார்த்திருந்தால் முதல் ஆண்டின் பெயாரிங் தப்பியிருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். 6ஆம் திகதிக் குறிப்பில் குற்றத்தை முழுவதும் மாரியின் தலையில் போட்டிருந்தேன். பாதியைத் தூண்டில்காரனாகிய நான் ஏற்க வேண்டும்.

திருகாணிகளின் சிறு வொஷர்களைப் புதிதாகப் போடுங்கள். ஒன்று கடற்கரை மணலில் விழுந்துவிட்டது. காந்தம் கொண்டு தேடினேன். அது செம்பு என்று அரை மணித்தியாலம் கழித்து நினைவு வந்தது.

20 ஒக்டோபர் 2024

"நாகம் அரைவாசி தேய்ந்தால் மாற்றிவிடுங்கள்" என்று வேறோர் இடத்தில் நான் எழுதியதைப் பார்த்து, படகில் பாம்பா என்று ஒருவர் விசாரித்திருக்கிறார். பள்ளிக்கூட இரசாயனத்தில் படித்த நாகம்தான், அதாவது துத்தநாகம். இயந்திரத்தின் காலில் பூட்டியிருக்கும் நாகக் கட்டி கடல்நீரில் அலுமினியத்துக்கு முன்னால் தான் அரிபட்டு அதைக் காக்கிறது. அதன்மீது வண்ணம் பூசக் கூடாது. அழகுக்காகப் பூசியவர் எங்கள் வீட்டிலேயே ஒருவர் இருக்கிறார், அவர் இதை வாசிப்பதில்லை.

26 ஒக்டோபர் 2024

எரிபொருள். எல்லாரும் சண்டை பிடிக்கும் இடம்.

தாங்கியை முழுதாக நிரப்பி வைப்பதா, முழுதாக வெறுமையாக்குவதா? அரைத்தாங்கிதான் கேடு என்பதில் இரு கட்சியும் ஒன்று. மேலே உள்ள காற்றின் ஈரம் இரவில் தாங்கிச் சுவரில் வியர்த்து அடியில் தண்ணீராகச் சேரும். படகோடு கட்டிய பெரிய தாங்கி உள்ளவர்கள் நிரப்பி, பெற்றோலைக் கெடாமல் வைக்கும் சேர்மானம் கலக்கட்டும். என்னுடையது 24 லீற்றர் கைத்தாங்கி. மிச்சமிருந்த ஏழு லீற்றரையும் 50க்கு 1 ஒயில் கலந்தபடியே தெருக்கோடியில் உள்ள பழைய டூ-ஸ்ட்ரோக் முச்சக்கரவண்டிக்காரருக்குக் கொடுத்துவிட்டேன். மகிழ்ச்சியாக வாங்கிக்கொண்டார்.

2022இல் பெற்றோலுக்கு நாள்கணக்கில் வரிசையில் நின்றோம் அல்லவா, அந்த ஆண்டு கிடைத்ததைக் கொட்ட மனமில்லாமல் மாரி முழுவதும் காபரேற்றரிலும் தாங்கியிலும் வைத்திருந்தேன். தையில் திறந்தபோது பெற்றோல் வாசம் போய் வார்னிஷ் வாசம் வந்தது; ஊசித்துளைகளில் தேன்போலப் பசை. பொன்னாகப் பாதுகாத்த அந்தப் பெற்றோலைவிடக் காபரேற்றரைச் சுத்தம் செய்யப் போன காசு அதிகம்.

காபரேற்றரை வெறுமையாக்கும் வழியில் எனக்கு இரண்டு மனம். ஓடும்போதே எரிபொருள் குழாயைக் கழற்றிவிட்டு, தானாக நிற்கும் வரை விடச் சொல்கிறார்கள். எளிதுதான். ஆனால் டூ-ஸ்ட்ரோக்கில் ஒயில் வருவதே பெற்றோலோடு. கடைசி விநாடிகளில் இரண்டும் குறைந்து சிலிண்டர் வறண்டு ஓடும். மெதுவான ஓட்டத்தில் சில விநாடிக்கு ஒன்றும் ஆகாது என்பார்கள். அத்தோடு, அப்படி நின்ற பின்னும் மிதவைக் கிண்ணத்தின் அடியில் ஒரு மடக்கு மிஞ்சியிருப்பதைக் கண்ணால் கண்டேன். ஆகவே கிண்ணத்தின் அடித் திருகைக் கழற்றி வடிப்பதே முறை என்று தோன்றுகிறது. அந்தத் திருகு, கையைத் திருப்பி உடைக்காமல் நுழைக்க முடியாத ஒரு மூலையில் இருக்கிறது. அதை அங்கே வைத்தவர் ஒருபோதும் அதைக் கழற்றியிருக்க மாட்டார்.

1 நவம்பர் 2024

சிலிண்டருக்குள் காப்பு எண்ணெய் தெளிக்கும் வேலையை நேற்றுத் தீபாவளி மாலையில் செய்தேன். நல்ல யோசனை என்று நினைத்துத்தான் செய்தேன்.

ஓடும் இயந்திரத்தின் காபரேற்றர் வாயால் அந்த எண்ணெயைத் தெளிக்க வேண்டும், வெண்புகை கக்கித் திணறும் வரை. (ஒழுங்கு என்னவென்றால் இதைச் செய்த பிறகுதான் காபரேற்றரை வடிக்க வேண்டும், நான் 26ஆம் திகதியே வடித்துவிட்டதால் மீண்டும் பெற்றோல் விட்டு, மீண்டும் அதே மூலைக்குள் கை நுழைக்க வேண்டியதாயிற்று. முன்னைய குறிப்பைப் பின்பற்றுகிறவர்கள் இதை முதலில் வாசிக்கவும்.) வந்த புகை மதிலைத் தாண்டித் தெருவை மூடியது. வெடியென்று எண்ணிப் பிள்ளைகள் கைதட்டினார்கள். தீயென்று எண்ணி ஒருவர் வாளியோடு வந்தார். வாளியில் இருந்தது கிணற்றுநீர். பாய்ந்து தடுத்தேன்.

அந்தத் தெளிப்பான் எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. கிடைக்காத ஆண்டில் இரண்டு பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு துளையாலும் ஒரு தேக்கரண்டி டூ-ஸ்ட்ரோக் ஒயில் விட்டு, பறக்கும் சில்லை (இயந்திரத்தைச் சுழற்றும் கனச் சக்கரத்தை) கையால் நான்கைந்து முறை சுற்றினேன். அந்த ஆண்டுதான் இயந்திரம் நன்றாக இருந்தது. புகை போடும் முறையை நான் ஏன் இன்னும் செய்கிறேன் என்பதற்கு, செய்த உணர்வு வருகிறது என்பதைத் தவிர வேறு காரணம் சொல்லத் தெரியவில்லை.

10 நவம்பர் 2024

படகை உருளைக் கட்டைகளில் ஏற்றி வளவுக்குள் கொண்டுவந்தாயிற்று. முன்பக்கமாகிய அணியத்தை ஓர் அடி உயர்த்தி, பின்புறத்தில் தண்ணீர் வடியும் துளையின் அடைப்பானைக் கழற்றிச் சாவிக்கொத்தில் கோத்திருக்கிறேன்.

மூடுவது பற்றி. கடந்த ஆண்டு நீலத் தறப்பாளால் அடியோடு சுற்றிக் கட்டினேன், பிள்ளைக்குத் துணி சுற்றுவதுபோல. மழை உள்ளே போகவில்லை. ஈரம் வெளியேயும் போகவில்லை. தையில் அவிழ்த்தபோது இருக்கைகள் பச்சைப் பூஞ்சணத்தில் இருந்தன, உள்ளே எலி ஒன்று குட்டி போட்டு எரிபொருள் குழாயை ஓர் அங்குலத்துக்கு ஒரு கடியாகச் சுவைத்திருந்தது. காற்றில் தறப்பாளின் ஓரம் அடித்து அடித்துப் படகின் பளபளப்பையும் உரித்திருந்தது. சம்மாட்டியாரின் படகுகளோ தென்னோலைக் கிடுகு போட்டு, மேலே ஒரு பழைய வலையால் கட்டப்பட்டிருக்கும். கிடுகு ஒழுகும், ஆனால் மூச்சும் விடும். இந்த ஆண்டு குறுக்கே மூன்று மூங்கில் வளைத்து, கூரைபோல உயரத்தில் தறப்பாளைக் கட்டி, இரு முனைகளையும் திறந்து விட்டிருக்கிறேன்.

22 நவம்பர் 2024

அடைப்பானைக் கழற்றுவது அவ்வளவு முக்கியமா என்று கேட்டவருக்குக் கணக்கு. 18 அடிக்கு 6 அடி, முனை ஒடுங்குவதைக் கழித்தால் ஏறத்தாழ 8 சதுர மீற்றர். 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் 800 லீற்றர், அதாவது 800 கிலோ. எங்கள் ஊரில் நவம்பர், டிசம்பர் மாதங்களில் இப்படி ஒரு நாள் வருவது அதிசயம் அல்ல. கட்டைகளின்மேல் நிற்கும் படகு அந்தப் பாரத்தைத் தாங்கக் கட்டப்பட்டதல்ல.

29 நவம்பர் 2024

தாழமுக்கம் கடந்து போனது. மூன்று நாள் விடாத மழை, இரண்டு இரவு மின்சாரம் இல்லை. தறப்பாளின் ஒரு மூலை அவிழ்ந்துவிட்டது. இன்று காலை குடையோடு போய்ப் பார்த்தால் படகுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். அடைப்பான் என் சாவிக்கொத்தில்தான் இருந்தது. துளையோ வேப்பிலைகளால் அடைபட்டிருந்தது. வேப்பமரத்தின் கீழ் நிழல் என்று கொண்டுபோய் நிறுத்தியவன் நான். ஏழு நாளுக்கு முன் 800 லீற்றர் என்று கணக்குப் போட்டுப் பிறருக்குப் பாடம் சொன்னவனும் நான்.

குச்சியால் குத்தித் திறந்தேன். வடிந்து முடிய வெகுநேரம் எடுத்தது. ஒரு கட்டை மண்ணில் புதைந்து படகு இடப்பக்கம் சரிந்திருக்கிறது, ஓடு வெடிக்கவில்லை. துளையின் உட்பக்கம் கம்பிவலையைக் கூம்பாக வளைத்து வைத்திருக்கிறேன். ஊரில் வீடுகளுக்குள் வெள்ளம் வந்தவர்கள் இருக்கும்போது இதை முறைப்பாடாக எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆகவே குறிப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

14 டிசம்பர் 2024

பற்றரி பற்றி எழுத மறந்துவிட்டேன், பற்றரியையும் மறந்துவிட்டேன். நிறைந்த நிலையில் 12.6 வோல்ற் காட்ட வேண்டியது 12.1 காட்டியது. குளிர்நாட்டில் வலுவிறங்கிய பற்றரி உறைந்து வெடிக்கும் என்று பயமுறுத்துவார்கள். இங்கே வெப்பத்தில் தானாகவே விரைந்து இறங்கி, தகடுகளில் சல்பேற்று இறுகிக் கிடக்கும். மாதம் ஒருமுறை மின்னேற்றுங்கள். சுவரில் நாட்காட்டிக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன். நாட்காட்டி ஒக்டோபரில் நிற்கிறது.

12 ஜனவரி 2025

கிண்ணியாவிலிருந்து ஒருவர் எழுதியிருப்பது முதல் கேள்வியை மீண்டும் திறக்கிறது. அவர் ஒன்றையுமே ஒதுக்குவதில்லை. வாடை ஓய்ந்த நாள்களில் உள்துறைமுகத்துக்குள் படகை இறக்கி, ஒரு மணித்தியாலம் பாரத்தோடு ஓட்டி, வந்ததும் குழாய்நீரில் கழுவிவிடுகிறார். எட்டு ஆண்டாக அவருடைய இயந்திரம் திறக்கப்படவில்லை. தொழிலுக்குப் போகிறவர்களும் ஏறத்தாழ அப்படித்தான். ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தில் பெற்றோல் பசையாவதில்லை, குளவி கூடு கட்டுவதில்லை.

"போதாது" என்று 6 ஒக்டோபரில் ஒரே சொல்லில் எழுதியதை இப்போது திருத்துகிறேன். பரலுக்குள் பத்து நிமிடம் வெறுமனே ஓடவிடுவது போதாது என்பதில் மாற்றம் இல்லை: இயந்திரம் முழுச் சூட்டுக்கு வராமல் நிறுத்தினால் எரிதலில் பிறந்த நீராவி உள்ளேயே குளிர்ந்து நிற்கும், பிளக்கில் கரி படியும், நாம் தெளித்த காப்பு எண்ணெயும் கழுவப்பட்டுவிடும். மூடி வைத்ததை இடையில் அரைகுறையாக ஓட்டுகிறவனுக்கு இரண்டு பக்க நட்டமும் சேரும். ஆனால் கிண்ணியா நண்பர்போல ஒழுங்காகக் கடலில் ஓட்டக்கூடியவர் ஓட்டட்டும். எனக்கு உள்துறைமுகத்தில் இடம் இல்லை, மாரியில் எழும்பிப் போகும் மனமும் இல்லை. நான் இவ்வளவு நாளாக ஊரின் காலநிலையைக் காரணம் காட்டி எழுதியதில் ஒரு பங்கு என் சோம்பல்.

22 பெப்ரவரி 2025

திறந்தாயிற்று. புதுப் பிளக், புதுப் பெற்றோல், மின்னேற்றிய பற்றரி, சிவப்பு நூலைப் பிடித்து இழுத்துத் துணி முடிச்சும் வெளியே. இயந்திரம் சுழல்கிறது, பற்றவில்லை. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் எண்ணெயில் நனைந்திருந்தது, துடைத்தேன். பற்றவில்லை. காபரேற்றரை, என்றால் அந்த மூலையை, மூன்றாம் முறை திறந்தேன். பற்றவில்லை. இரண்டாம் நாள் பொறி வரவில்லை என்று கண்டுபிடித்து, மின்பெட்டி ஈரத்தில் செத்துவிட்டது என்று தீர்ப்பளித்து, புதியதன் விலையைத் தொலைபேசியில் விசாரித்தேன். விலையைக் கேட்டபின் சற்று உட்கார்ந்தேன்.

சம்மாட்டியார் வந்தார். பார்த்தார். இயந்திரத்தின் முன்பக்கச் சிவப்புப் பொத்தானைக் காட்டி, "இதின்ர கயிறு எங்க தம்பி?" என்றார்.

ஓட்டுநர் கடலில் விழுந்தால் இயந்திரத்தை நிறுத்தும் பாதுகாப்புக் கயிறு. அதன் கொளுவி பொத்தானில் இல்லாமல் பொறி வராது. பத்திரமாக இருக்கட்டும் என்று நவம்பரில் கழற்றி, அடைப்பானோடு என் சாவிக்கொத்தில் கோத்திருந்தேன். மூன்று மாதமாக என் சட்டைப் பையில்.

கொளுவியதும் இரண்டாம் சுழற்றலில் பற்றியது. அரை மணித்தியாலம் புகை.

2 மார்ச் 2025

முதல் பயணம் முடிந்து வந்து, சொன்னபடி ஈரத்தோடு கழுவி, கியர் ஒயிலில் ஒரு சொட்டு வடித்துப் பார்த்தேன். தேன் நிறம், பால் இல்லை. விசிறியின் பின்னால் நூல் இல்லை. உடைந்த நான்காவது மரையாணியின் உடல் இன்னும் துளைக்குள்ளேயே இருக்கிறது. கடையில் துளைத்து எடுக்கக் கொடுக்கும் வரை மூன்றில் ஓடுகிறேன், கரையை விட்டுத் தூரம் போவதில்லை. ரொறன்ரோ அன்பர் ஏப்ரலில் தன் படகைத் திறக்கும்போது அந்தச் சிவப்புப் பொத்தானை முதலில் பார்க்கட்டும்.